நிலா போதும், டார்ச்சை அணையுங்கள்

தை பிறந்து பங்குனி முடியும் வரை கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். அப்போது இரவில் படமெடுக்க ட்ரைபாடோடு சென்னை நீலாங்கரைக் கடற்கரைக்கு வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். போன் டார்ச்சைப் போடாதீர்கள்.

நிலவொளிப் படத்துக்கு அது தேவையே இல்லை. முழு நிலவின் வெளிச்சம் வெயிலில் 4 லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் கேமராவில் லென்ஸ் திறப்பை எஃப் 2.8, ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 400 என வைத்து, ஷட்டரை 15 விநாடி திறந்து விட்டால் படகும் மணலும் பகல்போல விழும். வானம் நீலமாக இருக்கும், அதில் நட்சத்திரமும் தெரியும். தினமும் நடக்கிற கரையா இது என்று தோன்றும். பௌர்ணமிக்கு ஓரிரு நாள் முன்பு போவது எனக்குப் பிடிக்கும். பொழுது சாயும்போதே நிலா கடலுக்கு மேலே ஏறியிருக்கும். நிலாவை வைத்தே ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, அது நகராதபடி லென்ஸ் வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். ஃபோகஸுக்காகக் கேமராவில் எரியும் சின்ன விளக்கையும் அணைத்துவிடுங்கள். அரை மணி நேரம் இருட்டில் நின்றால் கண்ணும் பழகிவிடும்.

சில வருடங்களுக்கு முன், மாசிப் பௌர்ணமிக்கு முந்தைய இரவு. ஈர மணலில் கல் போல ஏதோ கிடந்தது. அது நகர்ந்தபோதுதான் தெரிந்தது, பங்குனி ஆமை என்கிற கடலாமை. முட்டையிட ஏறி வந்திருந்தது. பெருமூச்சு விடுவது எங்களுக்கே கேட்டது. வீடியோ எடுக்கும் ஆசையில் எங்களில் ஒருவர் டார்ச்சை அடித்துவிட்டார். ஆமை அப்படியே நின்றது. அப்புறம் மெல்லத் திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. தடுத்திருக்க வேண்டியது நான்.

குஞ்சுகளுக்கு இன்னும் ஆபத்து. 45 முதல் 60 நாளில் பொரிந்து வெளியே வந்ததும், வெளிச்சமான அடிவானம் எதுவோ அதுதான் கடல் என்று ஓடும். நிலவில் மினுங்கும் தண்ணீர்தான் அவற்றுக்கு வழிகாட்டி. நம் டார்ச்சும் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்து விளக்குகளும் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் தப்பும் முட்டைக் குழிகளும் உண்டு. கடலாமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; தொந்தரவு செய்வது குற்றம்.

ஆமையைக் கண்டால் அதன் முன்னால் போகாதீர்கள். நின்ற இடத்திலேயே அசையாமல் உட்காருங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

அன்று ரோந்து வந்த மாணவர்கள் அந்தத் தடத்தைப் பார்த்தார்கள். ஏறி வந்த கோடு ஒன்று, இறங்கிப் போன கோடு ஒன்று. நடுவில் குழி இல்லை. "முட்டை போடாமலே போயிடுச்சு சார்" என்றாள் ஒரு பெண்.