ஈரப்பதமூட்டி: வருவது ஆவியா, சாரலா?

"சூடான மூடுபனி ஈரப்பதமூட்டி." போன டிசம்பரில் வீட்டுக்கு வந்த பெட்டியின் மேல் தமிழில் இப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். அம்மா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "மூடுபனி எப்படிடா சுடும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மார்கழி விடியலில் தாம்பரம் பக்கம் தண்டவாளத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறதே, அதுதான் நமக்கு மூடுபனி. காற்று குளிர்ந்தால்தான் அது உருவாகும், வெயில் ஏறினால் கலைந்துவிடும். ஆங்கிலத்தில் வார்ம் மிஸ்ட் ஹியூமிடிஃபையர் என்று இருந்ததைச் சொல்லுக்குச் சொல் அகராதியில் எடுத்துப் போட்டதால் வந்த வினை இது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் அறைக் காற்றில் ஈரம் சேர்க்கிற இந்தக் கருவிக்குப் பெயர் சரியாக அமைந்துவிட்டால் அதில் என்ன தண்ணீர் ஊற்றலாம், எப்படிக் கழுவலாம் என்பது வரைக்கும் பெயரே சொல்லிக்கொடுத்துவிடும்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். ஹியூமிட் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே மூலச் சொல் ஊமிதுஸ், நனைந்திருக்கிற என்று பொருள். முன்னால் ஹகர ஒலியே கிடையாது. மண்ணைக் குறிக்கும் ஹூமுஸ் என்ற வேறொரு சொல்லோடு உறவு இருப்பதாக நினைத்துப் பிற்காலத்தில் எழுதினவர்கள் ஒட்டவைத்தது அது. பின்னால் வரும் ஃபையர், செய் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆக, ஈரமாகச் செய்வது ஹியூமிடிஃபையர். அதே குடும்பத்தில் பிறந்ததுதான் ஹியூமர் என்ற சொல்லும்: முதலில் உடம்புக்குள் ஓடும் நீர், பிறகு அந்த நீர்களால் அமைவதாக நம்பப்பட்ட சுபாவம், கடைசியில் நகைச்சுவை. நம் ஈரம் வேறு பக்கம் போனது, அன்பானது. இன்சொலால் ஈரம் அளைஇ என்று குறள் சொல்வது அன்பு கலந்த பேச்சை. நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று இன்றைக்கும் திட்டுகிறோம்.

இந்தச் சொல் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் ஆலைக்குள்தான் புழங்கியது. காற்று காய்ந்தால் பருத்தி நூல் படபடவென்று அறும். அதற்காக இங்கிலாந்தில் நெசவுக்கூடங்களுக்குள் நீராவியை விட்டார்கள், அதில் நின்று வேலை செய்த நெசவாளர்கள் பாடுபட்டார்கள், கடைசியில் எவ்வளவு ஈரம் வரைக்கும் விடலாம் என்று 1889இல் சட்டமே போட வேண்டியிருந்தது. ஏர் கண்டிஷனிங் என்ற பெயரும் இதே வேலையிலிருந்து பிறந்ததுதான்: அமெரிக்காவில் ஆலைகளுக்கு ஈரக்காற்று அமைப்புகள் செய்துகொடுத்த ஸ்டூவர்ட் கிராமர் என்ற பொறியாளர் 1906இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று ஏசி போட்டுக் காற்றைக் காயவைத்துவிட்டு, அதைச் சரிசெய்ய இன்னொரு மிஷின் வாங்குகிறோம். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

சரி, நம் சொல்லுக்கு வருவோம். ஈரப்பதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பதம். பாகு பதம், கம்பிப் பதம், சோறு பதமாக வெந்திருக்கிறது, மாவு பதமாகப் புளித்திருக்கிறது என்கிறோமே, அந்தப் பதம்தான்: ஒரு பொருள் இருக்க வேண்டிய நிலை. ஈரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஈரப்பதம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரிடம் ஈரப்பதம் என்று சொன்னால் அவருக்கு வானிலை அறிக்கை நினைவுக்கு வராது, நேரடி நெல் கொள்முதல் நிலையம்தான் வரும். நெல்லில் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மழை பெய்த வருஷம் அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டும். சென்னைக்காரருக்கு அதே சொல், மே மாதத்தில் சட்டை முதுகோடு ஒட்டுவதற்கான காரணம். நெல்லுக்குச் சொல்லும் 17 நெல்லின் எடையில் தண்ணீர் எத்தனை பங்கு என்கிற கணக்கு. காற்றுக்குச் சொல்லும் 70, அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சமாக வைத்துக்கொள்ளக்கூடிய நீராவியில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்கிற கணக்கு. இதைப் பிரித்துக்காட்ட நம் பாடநூல்களில் ஒப்பு ஈரப்பதம் என்று எழுதுவார்கள், இலங்கையில் சாரீரப்பதன் என்பார்கள்.

அப்புறம் ஊட்டி. ஈரப்பதம், ஊட்டி என்று பிரிக்க வேண்டும். அடுப்பு மூட்டுவதில் வரும் மூட்டி இங்கே கிடையாது. பெட்டியில் சொல்லை உடைத்து இரண்டு வரியில் போட்டிருந்ததால் என் மகள் அப்படித்தான் வாசித்தாள். ஊட்டுவது என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, வாய் கொள்ளுமளவு கொடுப்பது. லத்தீனின் செய் என்பதைவிட இது இந்தக் கருவிக்கு எவ்வளவோ பொருந்துகிறது. ஈரமூட்டி என்று சுருக்கலாமே என்று சிலர் சொல்வதுண்டு. வேண்டாம் என்பேன். நனைப்பது இதன் வேலை இல்லை, பதத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை. சுவரில் தண்ணீர் பூத்தால் பதம் தப்பிவிட்டது என்று பொருள்.

இனி அந்த வார்ம் மிஸ்ட். கடையில் அதிகம் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக வெளியே விடுவது. இன்னொன்று, தண்ணீருக்கு அடியில் ஒரு சின்ன வட்டத் தகடு நொடிக்குச் சுமார் 17 லட்சம் முறை அதிர்ந்து, தண்ணீரைத் தூள் தூளாக உடைத்து மேலே எறிவது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டிலும் வெள்ளையாக ஏதோ புகைகிறது, அதனால் ஆங்கிலத்தில் இரண்டுமே மிஸ்ட் ஆகிவிட்டன. நாம் அப்படிக் குழம்பத் தேவையில்லை. முதலாவது நமக்கு ஆவி. இட்லிப் பானை மூடியைத் திறந்தால் வருகிறதே, அதே ஆவி. குக்கரில் ஆவி வரும் குழாயின் நுனியைக் கவனித்தால், துளைக்கு மேலே ஒரு விரற்கடை தூரம் ஒன்றுமே தெரியாது, அதற்கு மேல்தான் வெள்ளை தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிதான் சுத்தமான நீராவி, வெள்ளையாகத் தெரிவது அது குளிர்ந்து மறுபடி துளியானது. இரண்டாவது ஆவியே இல்லை, அது சாரல். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மேலே தெறிக்கிற மழைச்சாரல் எப்படித் தண்ணீரின் துண்டோ அப்படித்தான் இதுவும். துவலை என்று இதற்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது, தூவல், தூவானம், தூறல் எல்லாவற்றையும் நினைவூட்டுகிற அழகான சொல், ஆனால் இன்று யாரும் பேசுவதில்லை. சாரல் என்றால் மயிலாப்பூரிலிருந்து மணலி வரைக்கும் எல்லோருக்கும் புரியும்.

ஆகவே என் பரிந்துரை: வார்ம் மிஸ்ட் என்பது ஆவி ஈரப்பதமூட்டி, கூல் மிஸ்ட் என்பது சாரல் ஈரப்பதமூட்டி. வெந்நீராவி என்று நீட்ட வேண்டியதில்லை, ஆவியிலேயே சூடு இருக்கிறது.

இப்படிப் பெயர் வைத்துப் பார்த்தால் தண்ணீர் விஷயம் பளிச்சென்று தெரியும். ஆவியில் உப்பு போகாது, பாத்திரத்திலேயே தங்கும். சாரலில் உப்பும் சேர்ந்து பறக்கும். எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், போர் தண்ணீர். குளியலறைக் குழாயில் உப்பு பூத்து மாதம் ஒருமுறை சுரண்டுகிற வீடு. முதலில் வாங்கினது சாரல் வகை. அதில் போர் தண்ணீரையே ஊற்றி நான்கு நாள் ஓட்டினோம். டிவி திரையிலும் கருப்பு அலமாரியிலும் கோலமாவு தூவினதுபோல வெள்ளைத் தூசி. துடைத்தால் மறுநாள் திரும்ப இருக்கும். அதையேதான் மூக்காலும் இழுத்துக்கொண்டிருந்தோம் என்று பிறகுதான் உறைத்தது. சாரல் வகைக்கு ஆர்.ஓ. தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர்தான்.

ஆவி வகையில் அந்தத் தொந்தரவு காற்றில் இல்லை, கருவிக்குள் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுடையதைத் திறந்து காட்டினால் புரியும். ஹீட்டர் தட்டின் மேல் பழுப்பும் வெள்ளையுமாக ஓடு மாதிரி ஒரு படிவு, நகத்தால் நெம்பினால் சில்லு சில்லாகப் பெயரும், விரலில் தேய்த்தால் சுண்ணாம்புபோல நறநறக்கும். சுண்ணாம்புபோல என்ன, கால்சியம் கார்பனேட்தான் அது; போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சூட்டில் பிரிந்து இப்படிப் படிகிறது. கத்தியால் சுரண்டினால் தட்டின் பூச்சு போய்விடும். மின்சாரத்தைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊற்றினால் உடனே சிறுகுமிழ்களாக நுரைக்கும். அரைமணி நேரம் ஊறினபிறகு பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தால் வந்துவிடும், வினிகரும் இதே வேலையைச் செய்யும். நன்றாக அலசி, கவிழ்த்து, காயவிட வேண்டும். அலசாமல் ஓட்டினால் அறை முழுக்க ஊறுகாய் வாடை. இந்த ஓடு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் தட்டிலேயே தங்கி, கடைசியில் ஹீட்டர் போய்விடும்.

கடையில் வாங்கும்போது பெயர்க் குழப்பத்தால் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்துக் கடையில் ஹியூமிடிஃபையர் கேட்டேன், முகத்தில் ஆவி பிடிக்கிற சின்னக் குடுவையைக் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் சார் என்றார்கள். ஒன்றில்லை. அது ஆளுக்கு, இது அறைக்கு. ஆளுக்கு ஆவி பிடிப்பதற்கு நம்மிடம் தனிச் சொல்லே உண்டு, வேது. சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் வேதும் ஒன்று. திருநெல்வேலியில் என் ஆச்சி நொச்சித்தழையைப் போட்டுக் கொதிக்கவைத்து, போர்வையை இழுத்து மூடி, "வேது புடிச்சிட்டுப் படு" என்பாள். வெது வெதுப்பில் வருகிற அதே வேர். அந்தக் குடுவையை வேதுக் குடுவை என்று சொல்லிவிட்டால் யாரும் அதை ராத்திரி முழுக்க ஓடவிட மாட்டார்கள். அந்தக் குடுவைகள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது, இரண்டு தகடுகளுக்கு நடுவே தண்ணீர் வழியாகவே மின்சாரம் பாய்ந்துதான் சூடாகிறது. அதனால்தான் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் ஆவி வராமல் அடம் பிடிக்கும், ஒரு சிட்டிகை உப்பு போடு என்று சீட்டில் எழுதியிருக்கும். ஓடும்போது அந்தத் தண்ணீரில் விரல் வைத்தால் ஷாக் அடிக்கும், பிளக்கைப் பிடுங்காமல் திறக்கவே கூடாது. ஹீட்டர் உள்ள ஆவி ஈரப்பதமூட்டியில் இதற்கு மாறாக உப்பு சேர்க்கக் கூடாது. நெபுலைசர் இன்னும் வேறு, டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை நுரையீரலுக்குள் அனுப்புவது. அதை இவற்றோடு சேர்க்கவே கூடாது. தைலத்தைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கென்று கிண்ணம் வைத்த கருவியாக இருந்தால் கிண்ணத்தில் விடலாம், தொட்டியில் விட்டால் பிளாஸ்டிக்கில் விரிசல் விழலாம்.

சென்னையில் இது தேவையா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: பெரும்பாலான நாட்களில் தேவையில்லை. இது குளிர் நாட்டில் பிறந்த தேவை. வெளியே உறைகிற காற்றை உள்ளே கொண்டுவந்து சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் படுத்துவிடும், உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும். வீட்டுக்குள் 30 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இங்கே ஜன்னலைத் திறந்தாலே அதைத் தாண்டிவிடும். அதற்கு மேல் ஊட்டினால் பூஞ்சைக்கும் தூசிப்பூச்சிக்கும்தான் விருந்து. எங்களுக்குத் தேவைப்பட்டது அம்மாவின் அறையில் மட்டும், ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிற நாட்களில், விடியற்காலையில் தொண்டை காய்ந்து இருமுவார் என்பதால். அதற்கும் முன்னால் ஒரு ஈரப்பதமானி வாங்கி வையுங்கள், சில நூறு ரூபாய்தான். அது 45 காட்டினால் கருவியைத் தொடவே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மின்சாரம் ஆகும், அந்தச் சூட்டையும் ஈரத்தையும் ஏசி மறுபடி வெளியே தள்ள வேண்டும், அதற்குத் தனிச் செலவு. நாங்கள் படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம், விடியலில் அரை மணி நேரம், அவ்வளவுதான்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் ஆவி வகை வேண்டாம். இழுத்துக் கவிழ்த்தால் உள்ளே இருப்பது கொதிக்கிற தண்ணீர். சளி பிடித்த குழந்தைகளின் அறைக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கூல் மிஸ்ட் வகையைத்தான் பரிந்துரைக்கிறது, தினம் கழுவ வேண்டும் என்ற கண்டிப்போடு.

அந்தக் கண்டிப்பு நமக்கு இரட்டிப்பு. ஆவி வகையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் கிருமி இல்லை, சரி. அணைத்தபிறகு மிச்சத் தண்ணீர் ஆறி அங்கேயே நிற்கிறது, இரண்டு நாளில் தொட்டியின் சுவர் வழவழக்கும். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜின் பின்தட்டை இழுத்துப் பார்ப்பார்களே, டெங்குக் கொசு முட்டையிடுவது அந்த மாதிரி சுத்தமான, தேங்கின தண்ணீரில்தான். ஐப்பசி மழைக்கு மூலையில் வைத்துவிட்டு மறந்துபோன ஈரப்பதமூட்டி, பின்தட்டைவிட வசதியான இடம். மகள் ஒரு துண்டு டேப்பில் "ஆவி. காலையில் தண்ணீரைக் கொட்டவும்" என்று எழுதி, பெட்டியிலிருந்த மூடுபனிப் பெயர் கருவியிலும் ஒட்டியிருந்ததே, சரியாக அதன் மேல் ஒட்டிவைத்திருக்கிறாள்.