கணுக்கால் சென்சாருக்கு மட்டும் தெரியும் நடை

பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் பலர் டாக்டர் முன்னால் நன்றாகவே நடந்துவிடுவார்கள். அவர்கள் நடிப்பதில்லை. நடப்பது சாதாரணமாக நாம் யோசிக்காமலே செய்யும் வேலை. அதைப் பின்னணியில் ஓட்டும் மூளைப் பகுதிக்கு டோபமின் என்ற ரசாயனம் வேண்டும். இந்த நோயில் குறைவதே அதுதான். 'நடந்து காட்டுங்கள்' என்றதும் கவனம் முழுக்கக் காலுக்குப் போகிறது, மூளையின் மேற்பகுதி வேலையைக் கையில் எடுத்துக்கொள்கிறது, நடை சீராகிவிடுகிறது. வீட்டில் பேசிக்கொண்டே நடக்கும்போதுதான் கால் இழுபடும். ஆக, அளக்க வேண்டியது யாரும் பார்க்காதபோது நடக்கும் நடையை.

அதற்குத்தான் கணுக்காலிலோ இடுப்பின் பின்புறத்திலோ கட்டும் சென்சார். உள்ளே இரண்டு கருவிகள். ஆக்சிலரோமீட்டர் வேகம் மாறுவதை, அதாவது முடுக்கத்தை அளக்கும், கைரோஸ்கோப் திரும்பும் வேகத்தை அளக்கும். இரண்டும் மூன்று திசைகளிலும், பெரும்பாலும் நொடிக்கு 100 முறை அளவில் பதிவு செய்யும். நம் போனில் இருப்பதும் இதே வகைதான்.

கால் முன்னே வீசும்போது கைரோஸ்கோப் வரைபடத்தில் ஒரு பெரிய மேடு எழும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு பள்ளம்: விரல் தரையை விட்ட கணம் ஒன்று, குதிகால் தரையைத் தொட்ட கணம் இன்னொன்று. நேரக் கணக்கு இதிலேயே கிடைத்துவிடும். எடுத்துவைக்கும் எட்டின் நீளம்தான் சிக்கல். முடுக்கத்தைக் கூட்டி வேகமும், வேகத்தைக் கூட்டித் தூரமும் எடுக்க வேண்டும். சென்சாரின் துளிப் பிழையும் கூடவே பெருகி, சில நொடிகளில் தூரம் எங்கோ போய்விடும். ஒவ்வொரு எட்டிலும் பாதம் ஒரு கணம் தரையில் அசையாமல் பதியும் என்பதுதான் தப்பிக்கும் வழி. அப்போது வேகம் பூஜ்யம் என்று வைத்து, கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம். அழகான தந்திரம்தான். ஆனால் பாதத்தைத் தேய்த்தே நடப்பவரிடம் அந்தக் கணம் தெளிவாகச் சிக்காது. யாரை அளப்பது முக்கியமோ அவரிடமே கணக்கு தடுமாறும்.

ஒரு நாளைக்கு எத்தனை அடி என்ற எண் இங்கே பெரிதாக உதவாது. ஒரு எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் அதிகம் பேசும். அந்த ஏற்ற இறக்கம் கூடினால் கீழே விழும் அபாயமும் கூடும். மணிக்கட்டில் கட்டினால் ஒரு கை மட்டும் வீச்சு குறைவதும் தெரியும். அது ஆரம்பத்திலேயே தலைகாட்டும் அறிகுறி.

அப்புறம், உறைநடை. நடந்துகொண்டிருப்பவரின் கால் திடீரென்று தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். ஆனால் கால் சும்மா இருப்பதில்லை, நடுங்கும். நடை அசைவின் பெரும்பகுதி 0.5 முதல் 3 ஹெர்ட்ஸுக்குள் (நொடிக்கு எத்தனை அசைவு என்ற அளவு) அடங்கும். இந்த நடுக்கம் 3 முதல் 8 ஹெர்ட்ஸில் வரும். இரண்டாவதன் வலுவை முதலாவதன் வலுவால் வகுத்து, விடை ஒரு வரம்பைத் தாண்டினால் உறைநடை என்று கணினி குறித்துக்கொள்ளும். நடுக்கமே இல்லாமல் உறைபவர்களும் உண்டு. அவர்களையும், சும்மா நிற்பவரையும் இந்த வகுத்தலால் பிரித்தறிய முடியாது.

சில நாள் பதிவை மாத்திரை சாப்பிட்ட நேரங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் டாக்டருக்குப் பயன். டோபமின் குறைவை ஈடுகட்டும் மருந்தான லெவோடோபாவை அடுத்து எடுப்பதற்கு முன்பாக ஒவ்வொரு தடவையும் எட்டின் நீளம் சுருங்குகிறதென்றால், மருந்தின் வேலை சீக்கிரமே முடிந்துவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். மாத்திரைகளுக்கு இடையே உள்ள நேரத்தைக் குறைக்கலாமா என்று அவர் யோசிப்பார்.