தணலை டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் குளிர்கால லீவு விட்டால் போதும், இதே கதை வேறு வேறு முகங்களோடு வந்து நிற்கும். இந்தத் தடவை வந்தது தமிழ் வகுப்புப் பிள்ளைகள். டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்தில் ஒரு ராத்திரி முகாம். ஆறு பெண்பிள்ளைகளும் அவர்களோடு படுத்த டீச்சரும் விடிந்தும் விடியாமலும் வேனில் வந்து இறங்கினார்கள். தலைவலி, வாந்தி, ஒரு பிள்ளைக்குக் கால் நிற்கவில்லை. கூட வந்த அண்ணன் ஒருவர் மிஞ்சிய கோழியை டப்பாவில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார், "ஃபுட் பாய்சன் டாக்டர், இதை டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று.

அந்தக் கோழியை நாற்பது பேர் தின்றிருக்கிறார்கள். படுத்தது ஒரே டென்ட்டில் இருந்த ஏழு பேர். கோழிக்கு டென்ட் நம்பர் தெரியுமா? ராத்திரி உள்ளே என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: பிள்ளைகள் குளிரில் நடுங்கினார்களாம், ப்ராய் (வெளியில் தணலில் இறைச்சி சுடுவது) முடிந்ததும் மிச்சத் தணலை இரும்புத் தட்டில் அள்ளி டென்ட் நடுவில் வைத்தார்களாம். "ஆனா புகையே இல்லை டாக்டர், புகை அடங்கினப்புறம்தான் உள்ளே கொண்டுபோனோம்."

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. புகைதான் கெட்டது, தணல் சாது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உண்மையில் புகை உங்களுக்கு நல்லது செய்கிறது, கண்ணைக் கரித்து, இருமவைத்து, விழித்திருப்பவரை வெளியே விரட்டிவிடும். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை, தொண்டையில் ஒரு கரகரப்புகூட இல்லை, தூங்குகிற பிள்ளை தூங்கிக்கொண்டேதான் இருக்கும். சுடர் அணைந்து சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்துதான் இது தாராளமாக வருகிறது, அதாவது "இனி பயமில்லை" என்று நீங்கள் உள்ளே தூக்கிப்போகும் அதே நேரத்தில். நீறு பூத்த நெருப்பு என்று சொல்லி வளர்ந்தவர்கள்தானே நாம்? மேலே சாம்பல் படிந்திருந்தால் அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, விடியும் வரை விஷத்தைக் கக்கும்.

அடுத்தது, "ஜிப்பைக் கொஞ்சம் திறந்துதானே வைத்திருந்தோம்." அது திறந்தே இருந்தாலும் போதாது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது ஒரு பிள்ளை எழுந்து அதை இழுத்து மூடத்தான் செய்யும், மூடியிருக்கிறது. கேஸ் ஹீட்டர், ஓட்டை போட்ட டிரம் அடுப்பு, புகைபோக்கி அடைத்த கூரை வீட்டுக் கணப்பு எல்லாமே இதே கதைதான்.

இன்னொன்று, இது எங்கள் தொழில்காரர்களுக்கும் சேர்த்து. முகாமில் முதலுதவி தெரிந்த ஒருவர் விரலில் மாட்டும் கருவியை வைத்துப் பார்த்து, ஆக்சிஜன் 98 காட்டுகிறது, நன்றாக இருக்கிறது என்று ஒரு மணி நேரத்தைப் போக்கியிருக்கிறார். சாதாரணமாகக் கிடைக்கிற அந்தக் கருவிக்கு ரத்தத்தில் இருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். வெளியே காற்றாட உட்காரவைத்தால் அந்த விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். "தேறிவிட்டாள்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். மறதி, தடுமாற்றம் சில வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். கர்ப்பமான டீச்சர் அந்த டென்ட்டில் படுத்திருந்தால், அவர் நன்றாக இருக்கிறேன் என்றாலும் அவரை முதலில் அனுப்புங்கள், வயிற்றுப் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

சரி, குளிருக்கு என்ன செய்வது? படுக்குமுன் வயிற்றுக்கு நன்றாகப் போடுங்கள். வியர்த்த துணியை மாற்றவையுங்கள், காய்ந்த சாக்ஸ், கம்பளிக் குல்லாய். உடம்பு சூட்டைத் தரைதான் உறிஞ்சும், ஸ்லீப்பிங் பேக் அடியில் ஃபோம் பாய் கட்டாயம். வெந்நீர் பாட்டிலை மூடியை இறுக்கித் துணி சுற்றிக் கொடுங்கள். ப்ராய் அடுப்பில் கடைசி ஆள் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும், அந்தக் கடைசி ஆள் யார் என்று சாயங்காலமே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள், "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" வேண்டாம். ஆஸ்துமா பம்ப் பிள்ளையிடமே இருக்கட்டும், டீச்சர் பையில் பூட்டாதீர்கள்.

ஒரே டென்ட்டில் இரண்டு பேருக்குத் தலைவலி என்றால் எல்லாரையும் வெளியே இழுங்கள், அப்புறம் ஆம்புலன்ஸுக்கு 10177, மொபைலில் 112. மலையில் சிக்னல் கிடைக்குமா, எந்த மேட்டில் கிடைக்கும் என்று போன அன்று பகலிலேயே பார்த்துவையுங்கள்.

அந்த ஏழு பேரும் தேறிவிட்டார்கள். டீச்சர்தான் அழுதுகொண்டே இருந்தார், அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, அந்தத் திட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். பெற்றோர்களே, முகாமுக்குப் போன் பண்ணி ப்ரியாணி உண்டா என்று கேட்கிறீர்களே, ராத்திரி பிள்ளைகளுக்குச் சூடு எப்படி என்பதையும் கேளுங்கள். பதில் இழுவையாக வந்தால் அக்டோபருக்குத் தள்ளிப்போடுங்கள். அப்போது இடி மின்னலுக்குத் தனியாகத் திட்டுகிறேன்.