உள்பெட்டிக் கடிதங்களை நகலெடுக்கும் முன்

பினாங்கு லெபோ பாசாரை ஒட்டிய எங்கள் கணினிப் பட்டறைக்கு, மூடப்படவிருக்கும் ஓர் இணையத்தளத்திலிருந்து தம் தனிமடல்களை எடுத்து வைத்துவிட்டதாக நம்பி வருகிறவர்கள், பெரும்பாலும் ஒரே மாதிரியான கோப்புறையைத்தான் பென்டிரைவில் கொண்டுவருகிறார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். எதைத் திறந்தாலும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நுழைவுப் பக்கமே வந்து நிற்கும். செபராங் பிறையிலிருந்து வந்த, பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரும் அப்படித்தான் வந்தார். காலமாகிவிட்ட தம் தோழியுடன் 2003 முதல் ஓர் உறுப்பினர் தளத்தின் உள்பெட்டி வழியே எழுதிக்கொண்ட கடிதங்கள் அவை. தளத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்ததும், அக்காள் மகன் எச்டிடிராக் கருவியை ஓடவிட்டுக் கோப்புறையைக் கையில் கொடுத்திருக்கிறார். “எல்லாம் இதில இருக்குன்னு சொன்னான் தம்பி, தொறந்து பார்த்தா ஒண்ணுமே காணோம்” என்றார். நல்ல வேளையாக, தளம் மூடப்பட இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

எச்டிடிராக், சேவியர் ரோஷ் என்ற நிரலாளர் 1998இல் வெளியிட்ட இலவச மென்பொருள். ஒரு முகவரியைக் கொடுத்தால் அந்தப் பக்கத்தை இறக்கி, அதிலுள்ள சுட்டிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று அவற்றையும் இறக்கி, இணையம் இல்லாமலே படிக்கும்படி சுட்டிகளை நம் கணினியிலுள்ள கோப்புகளை நோக்கித் திருப்பி எழுதிவிடும். வீகெட் என்ற கருவியும் ஏறக்குறைய இதே வேலையைக் கட்டளை வரியிலிருந்து செய்கிறது. பொதுப் பக்கங்களுக்கு இது போதும். உள்பெட்டியோ பூட்டிய அறை. நாம் உலாவியில் உள்ளே நுழைந்திருப்பது தனியே ஓடும் இந்தக் கருவிக்குத் தெரியாது. அது வெளியாளாகப் போய்க் கதவைத் தட்டி, ஒவ்வொரு முறையும் நுழைவுப் பக்கத்தையே வாங்கி வந்து சேமிக்கிறது.

நாம் உள்ளே நுழைந்ததற்கான அடையாளத்தைத் தளம் குக்கீ என்ற சிறு குறிப்பாக உலாவியில் எழுதி வைக்கிறது. அதை உலாவியிலிருந்து ஒரு கோப்பாக எடுத்து, ‘குக்கீஸ் டாட் டிஎக்ஸ்டி’ என்ற பெயரில் எச்டிடிராக் திட்டத்தின் கோப்புறையில் வைத்தால், கருவியும் நம் பெயரிலேயே உள்ளே போகும். குக்கீயுடன் உலாவியின் அடையாளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தளங்கள் உண்டு என்பதால், கருவியின் அமைப்பில் நம் உலாவியின் அடையாள வரியையே கொடுப்பது நல்லது. இதுவரை சொன்னதைப் பலரும் எங்கேனும் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். உண்மையான ஆபத்து இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

சாவி கையில் கிடைத்த கருவிக்கு எது கடிதம், எது பொத்தான் என்ற வேறுபாடு தெரியாது. உள்பெட்டிப் பக்கத்தில் கடிதத்தின் தலைப்பு ஒரு சுட்டி. பக்கத்திலேயே இருக்கும் ‘வெளியேறு’ ஒரு சுட்டி. சில பழைய தளங்களில் ‘அழி’ என்பதும் ஒரு சுட்டிதான். ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்குவதால் மட்டும் தளத்தில் எதுவும் மாறக்கூடாது என்பது, உலாவியும் தளமும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையின் அடிப்படை; ஆனால் அதை மதிக்காமல் கட்டப்பட்ட தளங்கள் ஏராளம். 2005இல் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர், பயனர் சொடுக்குவதற்கு முன்பே பக்கத்திலுள்ள சுட்டிகளைத் திறந்து தயாராக வைத்திருக்க முயன்றபோது, உள்ளே நுழைந்திருந்தவர்களின் கணக்குகளில் இருந்த அழிப்புச் சுட்டிகளையும் திறந்துவிட்டதால், சிலருடைய பதிவுகள் அவர்கள் அறியாமலே அழிந்துபோயின. நகலெடுக்கும் கருவியும் இதே குருட்டு வேகத்தில்தான் நடக்கிறது. ‘வெளியேறு’ சுட்டியை அது தொட்ட கணத்தில் குக்கீ செல்லாமற்போய், அதற்குப் பின் வருவன எல்லாம் நுழைவுப் பக்கங்களாகவே சேமிக்கப்படும். ‘அழி’ சுட்டியைத் தொட்டால் நேர்வதை நான் ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் பார்த்திருக்கிறேன். முதல் இருபது கடிதங்கள் நகலிலும் இல்லை, தளத்திலும் இல்லை.

ஆகவே ஆசிரியையின் கணக்கில் கருவியை ஓடவிடுவதற்கு முன், ஒரு மணி நேரம் கையால் உலவி, உள்பெட்டியிலுள்ள ஒவ்வொரு பொத்தானின் மேலும் மவுஸின் அம்புக்குறியை வைத்து, அது எந்த முகவரிக்குப் போகிறது என்று தாளில் எழுதிக்கொண்டோம். பிறகு, எதை இறக்கலாம், எதை விடலாம் என்று எச்டிடிராக்குக்குச் சொல்லும் ‘ஸ்கேன் ரூல்ஸ்’ பகுதியில், முதலில் எல்லாவற்றையும் கழித்தல் குறியால் விலக்கி, கடிதப் பட்டியலுக்கும் கடிதங்களுக்கும் உரிய முகவரி வடிவங்களையும் படங்களையும் மட்டும் கூட்டல் குறியால் அனுமதித்து, இறுதியில் வெளியேறு, அழி, நகர்த்து, புகார் செய் ஆகியவற்றின் முகவரிகளை மறுபடியும் விலக்கினோம். பின்னால் வரும் விதியே முன்னதை வெல்லும் என்பதால் இந்த வரிசை முக்கியம். திறக்காத கடிதங்களைக் கருவி திறந்தால் அவை படிக்கப்பட்டதாகக் குறிக்கப்படும் என்பதையும் சொல்லி, அவருடைய ஒப்புதலைப் பெற்றுக்கொண்டேன்.

நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, சுட்டிக்குச் சுட்டி எத்தனை படி உள்ளே போகலாம் என்ற ஆழத்தை இரண்டு, மூன்று என்று குறைத்து வைக்கிறவர்கள் பழைய கடிதங்களை இழக்கிறார்கள். பட்டியலில் ‘அடுத்த பக்கம்’ என்ற சுட்டி மட்டுமே இருந்தால் ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆழமாகக் கணக்கிடப்படும். பத்தாம் பக்கத்திலுள்ள கடிதத்துக்குக் கருவி போய்ச் சேராது. வேகத்தை மட்டும் குறைத்தே வையுங்கள். மூடப்போகும் தளத்தின் கடைசி நாட்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுகிறார்கள். ஒரே இணைப்பில் நிதானமாக இறக்குவது பிறருக்குச் செய்யும் மரியாதை, நம் கணக்கு தடைபடாமலிருக்கவும் வழி.

முடிந்ததும் இணையக் கம்பியைக் கழற்றி, வைஃபையை நிறுத்திவிட்டுத்தான் நகலைத் திறந்து பார்க்க வேண்டும். இணையம் இருக்கும்போது பார்த்தால், நகலில் இல்லாத பக்கமும் படமும் தளத்திலிருந்தே வந்து நம்மை ஏமாற்றிவிடும். தளம் காட்டிய கடித எண்ணிக்கையையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். முதல் கடிதம், நடுவில் ஒன்று, கடைசி ஆகிய மூன்றையாவது முழுமையாகப் படியுங்கள். இன்னொரு பொறியும் உண்டு. நன்றாக முடிந்த நகலை இரண்டு நாள் கழித்துப் ‘புதுப்பி’ என்று ஓடவிட்டால், குக்கீ காலாவதியாகியிருக்கும் நிலையில், கடிதங்களின் இடத்தில் நுழைவுப் பக்கங்கள் வந்து அமரக்கூடும். புதிய ஓட்டத்தில் கிடைக்காத பழைய கோப்புகளை நீக்குவது எச்டிடிராக்கின் இயல்பான அமைப்பு என்பதால், மிஞ்சியவையும் போய்விடக்கூடும். முடிந்த நகலைத் தொடாதீர்கள். மறுமுறை வேண்டுமானால் புதிய கோப்புறையில் தொடங்குங்கள்.

கீழே இழுக்க இழுக்கக் கடிதங்கள் வந்து விழும் இக்காலத் தளங்களில் இந்தக் கருவியால் பயன் குறைவு, ஏனெனில் அப்படிக் கடிதங்களைக் கொண்டுவரும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உலாவியைப் போல அது இயக்குவதில்லை. தளமே தரவை ஏற்றுமதி செய்யும் வசதி தருகிறதா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். 2009இல் மலேசியாவின் எம்ஓஎல் குளோபல் நிறுவனம் வாங்கிய ஃபிரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளம், 2011இல் பழைய படங்களையும் செய்திகளையும் நீக்குவதற்கு முன் அத்தகைய வசதியைத் தந்தது. தவணைக்குள் எடுக்காதவர்களின் கடிதங்கள் போயின. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2024இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தால், 2025 ஜூன் 1 முதல், தொழில்நுட்ப ரீதியாக இயலுமானால் நம் தரவை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரும்படி கேட்கும் உரிமையும் இந்நாட்டில் வந்திருக்கிறது.

கணவரின் கணக்கை, மகளின் கணக்கை நகலெடுத்துத் தரும்படி கேட்டு வருகிறவர்களும் உண்டு. நான் செய்வதில்லை. அனுமதியின்றிப் பிறர் தரவுக்குள் நுழைவது 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். கணக்குக்கு உரியவர் நேரில் அமர்ந்து, கடவுச்சொல்லைத் தாமே தட்டினால்தான் வேலையைத் தொடங்குவேன். ஒரு கடிதத்தில் பாதி, எதிர்ப்பக்கத்தில் எழுதியவருக்கு உரியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை முடிந்த அன்றே தளத்திலிருந்து முறைப்படி வெளியேறி, குக்கீக் கோப்பை அழித்துவிடுங்கள். அது யார் கையில் கிடைத்தாலும் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போகலாம். கோப்புறையைக் கடவுச்சொல்லுடன் குறியாக்கம் செய்து, ஒரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள். 2017 நவம்பர் வெள்ளத்துக்குப் பின் எங்கள் மேசைக்கு வந்த ஈரமான ஹார்ட் டிஸ்க்குகளில், மூலமும் பிரதியும் ஒரே அலமாரியில் இருந்தவை பல.

ஆசிரியையின் கடிதங்கள் ஐந்தாம் நாளில் முழுமையாக வந்தன. ஆனால் 2003, 2004ஆம் ஆண்டுக் கடிதங்கள் புரியாத குறிகளாகத் தெரிந்தன. இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் பரவுவதற்கு முன், திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் எழுதப்பட்டவை அவை; உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். இத்தகைய பக்கங்களை வேர்டில் வெட்டி ஒட்டினால் சில குறிகள் மாறி, பின்னர் மீட்க முடியாமற்போகலாம். கருவி இறக்கிய நகலோ, சுட்டிகளை மட்டும் மாற்றி, கடித எழுத்துகளைத் தளத்தில் இருந்தபடியே வைத்திருந்தது. மூல நகலை அப்படியே தனியே வைத்து, இன்னொரு பிரதியை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி, திஸ்கி எழுத்துரு ஒன்றையும் அதே கோப்புறையில் சேர்த்தோம். மாற்றிய முதல் கடிதத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது, ஆசிரியை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். தோழியின் மகளுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாமா என்று அந்த மகளையே கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, ஒரு பென்டிரைவை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.