அந்தக் கட்டி எந்தக் கலத்தில் பிறந்தது?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் ரிப்போர்ட்டோடு வந்தார். நாக்கின் ஓரத்தில் கடலைப் பருப்பளவு கட்டி. நோவில்லை, புண்ணில்லை, மேலே லேசான மஞ்சள். வேறோர் இடத்தில் மேலாக ஒரு துண்டு வெட்டிப் பார்த்து, புற்றுநோயாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். "வெத்தில போட்டதுக்குத்தான் இதுங்களா டொக்டர்?" என்று கேட்டார். இரண்டு வாரமாகக் கஞ்சி மட்டும்தானாம்.

வெற்றிலை, புகையிலையால் வரும் வாய்ப்புற்றை மலையகத்தில் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். சந்தேகப்பட்டது பிழையில்லை. வெட்டிய ஆழம்தான் போதவில்லை.

கொஞ்சம் ஆழமாக மறுபடி வெட்டி, போர்மலினில் போட்டு அனுப்பினேன். நோயியல் வைத்தியரோடு சேர்ந்து நானும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். மேல்தோல் வேர்விட்டதுபோல் கீழே இறங்கியிருந்தது. அது மட்டும் கிடைத்தால் புற்றுநோய் என்றே தோன்றும். அதற்கும் கீழே பெரிய வெளிர்சிவப்புக் கலங்கள், ஒவ்வொன்றிலும் ரவை தூவியதுபோல் நுண்மணிகள். கிரானுலர் செல் டியூமர். அரிதான கட்டி, பெரும்பாலும் தீங்கற்றது.

1926இல் இதை விவரித்த ரஷ்ய நோயியலாளர் அப்ரிகோசோவ், தசையில் பிறந்தது என்று நினைத்தார். நாக்கு முழுக்கத் தசைதானே! பிறகு கதை மாறியது; எஸ்-100 என்ற புரதத்தைக் காட்டும் சோதனை அதை வலுவாக்கியது. நரம்பிழைக்கு உறை போடும் ஷ்வான் கலங்களில் அந்தப் புரதம் உண்டு. அக்காவின் துண்டிலும் அந்த மணிக்கலங்கள் பழுப்பாக நிறம் பிடித்தன. அப்படியென்றால் நரம்புறை வழி வந்த கட்டி.

இதே முகத்தோடு, பிறந்த குழந்தையின் பல் முரசில் ஒரு கட்டி வருவதுண்டு, அதிகமும் பெண் குழந்தைகளுக்கு. பார்த்தால் அதே மணிக்கலங்கள்; ஆனால் எஸ்-100 பிடிக்காது. பிறப்பிடம் வேறு. சில தானாகவே சுருங்கியும் விடும். கலத்தின் ஊரைக் கேட்காமல் பெயர் வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அக்காவுக்குக் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் சேர்த்து எடுத்தோம், அவ்வளவுதான். புற்றுநோய் என்றே போயிருந்தால் நாக்கில் இதைவிடப் பெரிய பகுதி போயிருக்கலாம். வாயில் மூன்று வாரம் தாண்டிய கட்டியோ புண்ணோ இருந்தால் காட்டுங்கள். வெட்டிய துண்டு எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தாலும், லேபுக்கு அனுப்புகிறீர்களா என்று கேளுங்கள்.

தையல் பிரித்த நாளில் அக்கா கேட்டார்: "அப்ப வெத்தில போடலாங்களா?" இந்தக் கட்டி வெற்றிலையால் வரவில்லை, ஆனால் வேறொன்று வரும், வேண்டாம் அக்கா என்றேன். ஆறு மாதத்தில் வாயைக் காட்ட வரச் சொல்லியிருக்கிறேன்.