மைக் மியூட்ல இருக்குன்னா மைக் ஆஃப்னு நினைச்சுக்காதீங்க

நான் வெப் டெவலப்பர், டாக்டர் கன்சல்டேஷன், ஆன்லைன் இன்டர்வியூ மாதிரி வீடியோ கால் வர்ற சைட்டுங்கதான் என் வேலை. டெஸ்டிங் அப்போ யூஸ் பண்றவங்க பக்கத்துல உக்காந்து பார்ப்பேன். "கேமரா, மைக் யூஸ் பண்ணலாமா"ன்னு பிரவுசர் கேட்ட உடனே படிக்காமலே அலவ் அமுக்கிடுறாங்க, பேசி முடிச்சதும் டேபை மூடாம அப்படியே விட்டுட்டு வேற வேலைக்குப் போயிடுறாங்க. எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கும்.

அந்த அலவ் அமுக்குனா என்ன நடக்குதுன்னு சொல்றேன். பேஜ்ல இருக்குற புரோகிராம் கோடு கெட்யூசர்மீடியான்னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும், நீங்க சரின்னு சொன்னா கேமராவுல இருந்து ஒரு வீடியோ டிராக்கும் மைக்ல இருந்து ஒரு ஆடியோ டிராக்கும் (டிராக்னா ஓடிக்கிட்டே இருக்குற நேரடி படம் இல்லை சத்தம்) அந்த பேஜ் கைக்குப் போயிடும், அப்புறம் அதை ஸ்கிரீன்ல காட்டலாம், எதிர்ல பேசுறவருக்கு அனுப்பலாம், பிரவுசர்லயே இருக்குற மீடியாரெக்கார்டர் வச்சு ரெக்கார்ட் பண்ணி சர்வர்லயும் ஏத்தலாம். ரெக்கார்டிங்குக்குன்னு தனியா பெர்மிஷன் எதுவும் பிரவுசர் கேக்காது. ஒரு தடவை அலவ்னா எல்லாத்துக்கும் சேர்த்துதான். அதுவும் குரோம்ல சும்மா அலவ் குடுத்தா அது அந்த ஒரு காலுக்கு மட்டும் இல்லை, அந்த சைட் அட்ரஸுக்கே குடுத்த மாதிரி, அடுத்த வாரம் அதே சைட்டைத் திறந்தா உங்களைக் கேக்காமலே கேமராவை ஆன் பண்ண முடியும். இப்ப வர்ற குரோம்ல இந்த முறை மட்டும்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, தயவுசெஞ்சு அதை அமுக்குங்க.

இப்ப மியூட் விஷயத்துக்கு வர்றேன். நீங்க அமுக்குற மியூட் பட்டன் பிரவுசரோடது இல்லை, அந்த பேஜ் வரைஞ்ச பட்டன். அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் டிராக்கோட எனேபிள்டுங்கிற மதிப்பை ட்ரூல இருந்து ஃபால்ஸ்னு, அதாவது ஆன்ல இருந்து ஆஃப்னு, மாத்துற ஒரு வரிதான் இருக்கும், எதிர்ல இருக்குறவருக்கு சத்தம் போகாது, ஆனா டிராக் உயிரோடதான் இருக்கும், உங்களைக் கேக்காமலே பேஜ் அதைத் திரும்ப ட்ரூன்னு மாத்திக்கலாம். டிராக்கை ஸ்டாப் பண்ணாதான் பேஜ் அந்த மைக்கையோ கேமராவையோ விடும். அதனால பேஜ்ல குறுக்குக் கோடு போட்ட மைக் படத்தை நம்பாதீங்க, பிரவுசரும் போனும் காட்டுறதைப் பாருங்க. குரோம்ல டேப் மேல சிவப்புப் புள்ளி, ஐபோன்ல கேமராவுக்குப் பச்சை, மைக்குக்கு ஆரஞ்சு, ஆண்ட்ராய்டு 12ல இருந்து மேல் மூலையில பச்சையா ஒரு அடையாளம்.

இந்த அடையாளமும் ஏமாத்தின கதை உண்டு. டால் ஆட்டர்ங்கிற டெவலப்பர் 2014 ஜனவரியில காட்டினாரு, குரோம்ல வாய்ஸ் டைப்பிங்குக்கு ஒரு சைட்டுக்கு பெர்மிஷன் குடுத்தா அந்த சைட் பின்னாடி ஒரு குட்டி விண்டோவை ஒளிச்சு வச்சு, மெயின் டேபை மூடின பிறகும் கேட்டுக்கிட்டே இருக்க முடிஞ்சது, அந்த குட்டி விண்டோல சிவப்புப் புள்ளியும் வரலை. 2013ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008க்கு முந்தின மேக்புக்ல லைட் எரியாமலே கேமராவை ஓட்டிக் காட்டினாங்க. இப்ப நிலைமை எவ்வளவோ தேவலை, 2015ல இருந்து குரோம்ல ஹெச்டிடிபிஎஸ் (சைட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல போறதை மறைச்சு அனுப்புற முறை) இல்லாத சைட்டுக்கு கேமராவே கிடைக்காது. ஆனா ஹெச்டிடிபிஎஸ் இருந்தா அந்த சைட்டை நடத்துற ஆள் நல்லவன்னு அர்த்தம் இல்லையே.

நீங்க பண்ண வேண்டியது ஒரு நிமிஷ வேலை. அட்ரஸ் பார்ல சைட் பேருக்கு இடது பக்கம் இருக்குற ஐகானை அமுக்குனா கேமரா, மைக் சுவிட்ச் வரும், தேவையில்லாததை எடுத்துவிடுங்க. செட்டிங்ஸ்ல சைட் செட்டிங்ஸ் போனா யார் யாருக்கு அலவ் குடுத்திருக்கீங்கன்னு மொத்த லிஸ்ட்டும் இருக்கும், நிறைய பேருக்கு அதைப் பார்த்தா தூக்கிவாரிப் போடும். ஸ்கிரீன் ஷேர் பண்ணும்போது முழு ஸ்கிரீனையும் குடுக்காம அந்த டேபை மட்டும் குடுங்க, வாட்ஸ்அப் மெசேஜும் பேங்க் ஓடிபியும் மேல வந்து விழுறது முழு ஸ்கிரீன் குடுக்கும்போதுதான்.

சைட் பண்ற நண்பர்களுக்கும் ஒண்ணு. பேஜ் திறந்த உடனே பெர்மிஷன் கேக்காதீங்க, கால் பட்டனை அமுக்குன பிறகு கேளுங்க, என்னன்னே புரியாம பிளாக் குடுத்துட்டா குரோம் அடுத்த தடவை கேக்கவே கேக்காது, சைட்டே ரிப்பேர்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க. ஆடியோ மட்டும் போதும்னா வீடியோ கேக்காதீங்க. கால் கட் ஆனதும் எல்லா டிராக்கையும் ஸ்டாப் பண்ணுங்க, அப்புறமும் டேப்ல சிவப்புப் புள்ளி நின்னுச்சுன்னா அந்த பில்டை வெளிய விடாதீங்க.