போக எட்டு மணி நேரம், வர ஏழு மணி நேரம்

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 5,550 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 6 மணி 10 நிமிடம் வருகிறது. ஆனால் விமானங்களின் கால அட்டவணையில் இந்த விடை இருக்காது. லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறத்தாழ எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு மணி நேரம் என்றுதான் போட்டிருப்பார்கள்.

ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவதற்கு முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் கொஞ்ச நேரத்தை விழுங்கும். சரி, அது இரண்டு திசைக்கும் பொதுதானே? ஒரு மணி நேர வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பூமி சுழல்வதால் என்று பலர் நினைக்கிறார்கள். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது, அதில் பறக்கும் விமானமும்தான். எனவே அந்தக் கணக்கு செல்லாது. ஆனாலும் சுழற்சிக்கு மறைமுகமாக ஒரு பங்கு உண்டு. வெப்பமண்டலத்திலிருந்து துருவத்தை நோக்கி நகரும் காற்றை அது கிழக்குப் பக்கம் திருப்பிவிடுகிறது. அப்படி உருவாவதுதான் ஜெட் காற்றோட்டம். தரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் சில நாட்கள் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டி வீசும்.

1920களிலேயே ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்துவிட்டார். உலகமே படிக்கட்டும் என்று முடிவுகளை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். பாவம், வெளியே அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு.

விமானத்தின் 900 கிலோமீட்டர் வேகம் என்பது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். ஆற்றில் போகும் படகை நீரோட்டம் இழுத்துச் செல்வதுபோல, விமானத்தையும் காற்று சுமந்துகொண்டு நகர்கிறது. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747, புயல்காற்றின் தயவில் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை எட்டியது. தரையை வைத்துக் கணக்கிட்டால் ஒரு கட்டத்தில் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல். ஆனாலும் அது ஒலியின் வேகத்தை மிஞ்சவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது.

வரும்போது கிடைக்கும் லாபமும் போகும்போது வரும் நஷ்டமும் சரிக்குச் சரியாகிவிடுமா? ஆகாது. 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். பின்காற்றில் 5,550 கிலோமீட்டரைக் கடக்க 5 மணி 17 நிமிடம். எதிர்காற்றில் 7 மணி 24 நிமிடம். இரண்டும் சேர்ந்து 12 மணி 41 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 20 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அதில் மாட்டியிருக்கும் நேரமும் அதிகம். அதனால் ஒரே வழியில் போய் வந்தால் நஷ்டம்தான்.

ஒரே வழியில் போக வேண்டியதில்லை என்பதுதான் விமானிகளுக்கு ஆறுதல். வட அட்லாண்டிக்கின் மேல் வழித்தடங்களைக் காற்றுக்கு ஏற்ப தினமும் புதிதாக வரைகிறார்கள்: பகலில் மேற்கே போகிறவர்களுக்கு ஒரு தொகுதி, இரவில் கிழக்கே வருகிறவர்களுக்கு இன்னொன்று. கிழக்கே வரும் விமானம் ஜெட் காற்றோட்டத்தைத் தேடிப்போய் ஏறிக்கொள்ளும். மேற்கே போகும் விமானம் சில நாட்களில் கிரீன்லாந்துப் பக்கம் வரைகூட ஒதுங்கிப் போகும். தூரம் கூடினாலும் நேரம் குறையும்.